எப்போதும்வென்றான் களத்தில் கால் ஊன்றாத நாள்

மாலை இரண்டு வாங்கியிருந்தார்கள். ஒன்று எனக்கு, ஒன்று சைக்கிளுக்கு.

என்னுடையது தொப்புளைத் தாண்டித் தொங்கியது. சைக்கிளின் மாலை பத்தாவது வட்டத்திலேயே முன்சக்கரத்தில் சிக்கி, செவந்தி இதழெல்லாம் களம் முழுக்கத் தெறித்தது. "பாத்தீயளா, வண்டி அது மாலைய அதுவே தின்னுட்டு!" என்று ஒலிபெருக்கியில் காதர் அண்ணாச்சியின் குரல் வந்தது. கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் முழுக்கப் பாக்கி இருந்தது.

எப்போதும்வென்றான் ஊருக்கு வெளியே, பயறு காயப்போடுகிற சிமெண்ட் களம் அது. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள். விளையாட்டுப் போட்டிகளில் முதல் உருப்படியே நான்தான். பொழுது கிளம்பியதிலிருந்து அடைகிற வரைக்கும் களத்தைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கால் தரையில் படக்கூடாது. விதி இவ்வளவுதான்.

பட்டுவிட்டால் என் அம்மா, களத்தோரத்து வேப்பமரத்தடியில் இருந்து எழுந்து, முந்தானையை உதறிவிட்டு, நேரே பஸ் ஏறி இடைசெவலுக்குப் போய்விடுவாள். படாவிட்டால் மாமா, அதாவது அவள் கூடப்பிறந்த அண்ணன், எல்லார் முன்னாலும் அவளை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடு தூரத்தில் தெரிந்தது அந்த வீடு. பத்து வருடமாக அம்மா அதன் வாசல்படியை மிதிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் தொழில் பி.எம்.எக்ஸ். இருபது அங்குலச் சக்கரம் வைத்த குட்டி சைக்கிளில் வித்தை காட்டுவது. மேட்டிலிருந்து அந்தரத்தில் பறப்பவர்கள் வேறு பிரிவு. நான் சமதளத்துக்காரன். ஒற்றைச் சக்கரத்தில் நின்று சுழல்வேன், ஓடுகிற சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்பக்கம் வந்து நிற்பேன். ஒரு சுற்று மூன்று நிமிடம். கால் தரையில் பட்டால் மதிப்பெண் போகும். பிரேக் கிடையாது. சீட் உண்டு, ஆனால் அதில் உட்கார்ந்து மிதித்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும்.

இதைக் கொண்டுதான் பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன். ஒரு ஷூ கம்பெனி எனக்கு ஷூவும் சம்பளமும் கொடுக்கிறது. மால் திறப்பு விழா, கல்லூரி விழா, வருடத்துக்கு இரண்டு மூன்று வெளிநாட்டுப் போட்டி. நம் ஊரில் இதை விளக்குவதுதான் போட்டியை விடக் கஷ்டம்.

கயத்தாறு பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். "மாப்பிள்ளை என்ன பண்ணுதாவ?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"சைக்கிள் விடுதான்," என்றாள் அம்மா பெருமையாக.

"அது சரி. வேலைக்கு எதுல போறாவ?"

காப்பி ஆறுவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

மூன்று நாள் சைக்கிள்காரர்

கரிசல் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சைக்கிள்காரன் என்றால் ஒரே ஆள்தான். எங்கிருந்தோ ஒரு சைக்கிளும் மைக்செட்டுமாக வருவார். ஊர்ப் பொட்டலில் கம்பு நட்டு, கலர்த்தாள் கட்டி, மூன்று நாள் கீழே இறங்காமல் சுற்றுவார். சாப்பாடு சைக்கிளில், குளிப்பு சைக்கிளில், சவரமும் சைக்கிளில். கடைசி நாள் டியூப்லைட்டை நெஞ்சில் அடித்து உடைப்பார். நான் பால்வாடியில் இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்தவர்தான் நான் பார்த்த கடைசி ஆள். சோப்பு நுரை முகத்தோடு எனக்குக் கையாட்டினார். அன்றைக்கே எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கும் அந்த ஆள்தான் அளவுகோல். என் வீடியோவை யாரோ காட்டியபோது, "மூணு நிமிசம் ஆடிட்டு இறங்கிருதான். இதுக்குக் கப்பு வேறயா?" என்று கேட்டிருக்கிறார்.

மாமா கெட்ட மனிதர் இல்லை. கயத்தாறு நெடுஞ்சாலையில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்து நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தபோது, "எங்கடைக்கு அனுப்பு, நான் ஆளாக்குதேன்" என்று தானாக வந்து கூப்பிட்டவர் அவர்தான். நான் போனேன். முதல் நாள் நான்கு டியூப் ஒட்டினேன். இரண்டாம் நாள் லாரிகளுக்கு நடுவே நல்ல வழுவழுப்பான இடம் ஒன்று கண்ணில் பட்டது. சைக்கிளை எடுத்து இரண்டு சுழற்றுச் சுழற்றினேன். டிரைவர்கள் எல்லாம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்க, கழற்றிப் போட்ட டயர் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள், பெங்களூரில் ஒரு போட்டி என்று, யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டேன்.

மாமா இடைசெவலுக்கு வந்து வாசலில் நின்றுகொண்டே கத்தினார். "புள்ளையா வளத்து வச்சிருக்க? அந்தச் சைக்கிளு அவனுக்குச் சோறு போடுமா?"

அம்மாவும் விடவில்லை. "போடும். போடாட்டா நான் போடுதேன். இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். உங்க ஊருல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

உங்க ஊர் என்று அவள் சொன்னது, அவள் பிறந்து வளர்ந்த ஊரை.

அம்மா கொடுத்த வாக்கு

போன மார்கழிக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் அண்ணனும் தங்கையும் எதிரெதிர் வரிசை. மாமா பக்கத்து இலைக்காரரிடம், ஆனால் எதிர் இலைக்குக் கேட்கிற மாதிரி, அந்த மூன்று நாள் சைக்கிள்காரர் புராணத்தை எடுத்திருக்கிறார். "அவன்லா சைக்கிள்காரன்! இந்தக் காலத்துப் பயலுவ ஒரு நாள் ஊனாம ஓட்டிருவானுவளா?"

அம்மா ரசத்தைக் கீழே விட்டுவிட்டுச் சொன்னாளாம். "எம்மவன் ஓட்டுவான்."

"ஓட்டட்டும். எங்க ஊருக் களத்துல வந்து ஓட்டட்டும். ஓட்டிட்டான்னா நானே வந்து கூப்பிட்டு உன்னய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு இந்தச் சேதி ஜப்பானில் ஒரு விமான நிலையத்தில் கிடைத்தது. போட்டியில் ஏழாவதாக வந்த வருத்தத்தில் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பொங்கலுக்கு வாரியாலே?"

"வாரேம்மா."

"வந்தா ஒருநாள் எப்போதும்வென்றான்ல சைக்கிள் விடணும். காலையில இருந்து பொழுது அடையுற வரைக்கும். சொல்லிட்டேன்."

"எம்மா! அது வேற வேலைம்மா. நான் அதெல்லாம் பண்ணுததே இல்ல."

"ஒத்தச் சக்கரத்துல அந்தப் பாடு படுத. இது சும்மா வட்டம் போடுததுதான? இதுல என்னலே கஷ்டம்?"

நூறு மீட்டர் ஓடுகிறவனைத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை அனுப்புவது மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க அம்மா படத்துக்கு ஒரு பூ வைக்கக்கூட முடியாமப் பத்து வருசம் ஆச்சுலே."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

வெறும் சிமெண்ட்

ஆக, களம். காலை பத்து மணிக்கே எனக்கு முழங்கால் கடுக்க ஆரம்பித்தது. ஒரே பக்கமாகச் சுற்றினால் தலை கிறுகிறுக்கும் என்று, அரைமணிக்கு ஒருமுறை காதர் அண்ணாச்சி விசில் ஊதுவார். நான் திசை மாற்றுவேன். அவர் கோவில்பட்டியில் பயறு வியாபாரம். இந்தச் சுற்றுவட்டாரத்து உளுந்து பாதி அவர் கைக்குத்தான் போகும். தொண்டை பெரிது என்பதால் ஊர்ப் பொங்கலுக்கு மைக்கும் அவர் கையில்தான்.

மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் களத்தின் விளிம்பில் போட்டு உட்கார்ந்திருந்தார். நடுவர் அவர்தான். கண் என் காலைவிட்டு அகலவில்லை. அத்தை இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாள். போகவில்லை. தான் எழுந்து போன நேரத்தில் நான் காலை வைத்துவிடுவேன் என்று பயம்.

அம்மா வேப்பமரத்தடியில். கையில் இடைசெவலில் இருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில். மடக்கு மடக்காக அளந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் கேட்கக் கூச்சப்படுவதை நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குப் போக இறங்க முடியாதே என்று, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் குடித்தது அரை டம்ளர் தண்ணீர். அவித்த பனங்கிழங்கு இரண்டு, ஓட ஓட யாரோ கையில் கொடுத்தது. அவ்வளவுதான் ஆகாரம்.

மதியத்துக்குள் கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. அதிலும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகளுக்கு வேறு எரிச்சல். தை மாதம். பிடுங்கிக் காயவைத்த உளுந்தஞ்செடி களத்தோரம் அம்பாரமாகக் கிடக்கிறது. டிராக்டரை விட்டு மிதிக்க வேண்டிய களத்தில் நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

"ஒருநாப் பொழுது களம் வீணாப் போகுதே," என்று ஒருவர் முனக, காதர் அண்ணாச்சிக்கு மண்டையில் பல்பு எரிந்தது.

"சும்மா சுத்துத சக்கரம் வெறும் சிமெண்டத் தேச்சு என்னத்துக்கு? நாலு கட்டுச் செடிய அள்ளி விரிங்க!"

மாமா எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, அது விதியில இல்லையே?"

"கூடாதுன்னும் விதியில இல்லையே!"

மாமா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் என் பாதை முழுக்க உளுந்தஞ்செடி. சக்கரம் ஏற ஏற நெற்று பட்பட்டென்று வெடித்தது. தூசி மூக்கில் ஏறியது, உடம்பெல்லாம் சுணை அரித்தது. உருண்ட உளுந்து டயருக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. பிரேக் இல்லாத சைக்கிளில் அதன்மேல் போவது லேசான காரியமில்லை. ஆனால் ஒரு உண்மை சொல்கிறேன்: எனக்குத் தூக்கம் தெளிந்தது. கூட்டத்துக்கும் உயிர் வந்தது.

"ஏ சைக்கிளு! இந்த ஓரம் மிதிபடல பாரு!" என்று ஒரு பெண் கம்பால் செடியைப் புரட்டிப் போட்டபடி அதட்டினாள்.

"வாரேங்க்கா," என்று அந்த ஓரத்துக்குப் போனேன். என்னை மேடையில் ஏற்றிய எந்த நகரத்திலும் இப்படி ஒருவர் வேலை வாங்கியதில்லை.

முள்

பொழுது பனை உயரத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு மணிநேரம் இருக்கும். செடியோடு செடியாக வேலியிலிருந்து ஒரு கருவேல முள்ளும் வந்திருக்கிறது. பின்சக்கரத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம். நாலே மிதியில் டயர் சப்பை.

காற்றில்லாத டயர், கீழே உருளுகிற உளுந்து. பின்சக்கரம் வலதும் இடதுமாக இழுத்தது. இன்னும் அரை வட்டம் தாங்காது என்று தெரிந்தது. வேப்பமரத்தைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

பின்சக்கரம் ஆகாதென்றால் முன்சக்கரம். வேறு வழியில்லை.

என் சைக்கிளில் முன்சக்கர அச்சின் இரண்டு பக்கமும் கால் வைக்க இரும்புக் கட்டை உண்டு. அதில் ஒரு காலை வைத்தேன். உடம்பை முன்னால் சாய்த்துப் பின்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கினேன். இன்னொரு பாதத்தால் முன் டயரைத் தேய்த்துத் தேய்த்துத் தள்ளினேன். ஜப்பானில் எனக்கு ஏழாவது இடம் வாங்கித் தந்த அதே வித்தை. பகல் முழுக்க மிதித்த காலில் அதை நான் செய்து பார்த்ததில்லை.

காதர் அண்ணாச்சி மைக்கைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அரை வட்டம், ஒரு வட்டம். யாரோ விசிலடித்தார்கள், அப்புறம் களமே அலறியது. எனக்குத் தொடை நடுங்கியது. இரண்டாவது வட்டத்தில் விழப்போகிறேன் என்று நினைத்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏலே! கால ஊனிராத! ஊனிராதலே, வாரேன்!"

மாமா. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மொபெட்டிலிருந்து பஞ்சர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கூடவே இரண்டு இளவட்டங்களை அதட்டினார். "என்னலே வேடிக்கை பாக்குதீய? பின்னால பிடிங்கலே!"

பின் அச்சிலும் கட்டைகள் உண்டு. ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டார்கள். நான் முன்கட்டைகளில் இரண்டு காலையும் வைத்து நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, முன்சக்கரம் உருள, ஊர்வலம் புறப்பட்டது.

"சப்பரம் வருது, வழி விடுங்க!" என்றார் காதர் அண்ணாச்சி.

"இது செல்லாது. தூக்கிட்டுல்லா போறாவ!" என்று ஒருவர் கிளம்பினார்.

மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அடங்கிவிட்டார். "கால் ஊனுனானா? ஊனலைல்லா? பிறகென்ன?"

மாமா பக்கவாட்டில் நடந்துகொண்டே லிவரை விட்டு டயரை நெம்பினார், டியூபை இழுத்தார், முள்ளைப் பிடுங்கினார், அரத்தால் தேய்த்தார், பசை தடவி ஒட்டினார். நாங்கள் நிற்கவே இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"காத்து எம்புட்டு வைக்கணும்?"

"நூறு, மாமா."

"நூறா? ஏலே, நான் லாரிக்கே அம்புட்டுத்தாம்லே வைப்பேன்!"

ஒட்டின இடம் பிடித்திருக்கிறதா என்று பஞ்சர்காரர்கள் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்ப்பார்கள். மாமா விரலை நாக்கில் வைத்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத வாய். எச்சில் இல்லை. இடது வலது பார்த்தார். வேப்பமரத்தடியில் பாட்டிலோடு நின்றவள்தான் கண்ணில் பட்டாள்.

"ஏட்டி பாக்கியம்! தண்ணி கொண்டா!"

அம்மா ஓடி வந்தாள். கொடுத்துவிட்டு நிற்கவில்லை. அண்ணனோடு கூடவே நடந்து அவளே ஊற்றினாள். ஒரு மடக்கு ஊற்றினால் போதும். பதற்றத்தில் பாட்டில் முழுக்கக் கவிழ்த்துவிட்டாள். குமிழ் வரவில்லை.

"பிடிச்சிட்டு," என்றார் மாமா. கைப்பம்பில் நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. "போலே, இதுலயே போ," என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மிச்சப் பொழுதை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. காதர் அண்ணாச்சியின் கடைசி விசில் மட்டும் ஞாபகம் இருக்கிறது. காலைக் கீழே வைத்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே உளுந்துமேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் எல்லாம் என்னைச் சுற்றி நின்றது. ஆனால் என் கண் மரத்தடியில் இருந்தது. மாமா அங்கே நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்பு, வேட்டியெல்லாம் தூசி. கூப்பிட வேண்டும். துண்டை எடுத்தார், போட்டார்.

அம்மா காலிப் பாட்டிலைத் தலைகீழாகக் காட்டினாள். "எல்லாத்தையும் டியூபுல ஊத்திட்டேன். தொண்டை காயுது."

"எனக்குந்தாம்ட்டி," என்றார் மாமா. "வீட்டுல பானையில இருக்கு. வா."

அவள் போனாள். என்னை இரண்டு பேர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்கள். வாசல்படி வந்ததும் அம்மா கொஞ்சம் நின்றாள். அப்புறம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அத்தை செம்பை நீட்ட, நின்றபடியே மடமடவென்று குடித்தாள். கண்ணைத் துடைத்தாளா, வாயைத் துடைத்தாளா, தெரியவில்லை.

பிறகு நான் கால் மடக்க முடியாமல் சுவரோடு சாய்ந்திருப்பதைப் பார்த்தாள். "சும்மா வட்டம் போடுததுதானன்னு நினைச்சிட்டேன்லே," என்றாள்.

மாமா முற்றத்தில் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு இதைப் பேசாமல் விட மனசு வரவில்லை. "எங்கடையில ரெண்டு நாளுக்கு மேல இருந்திருந்தா, பஞ்சர் ஒட்டவாவது படிச்சிருப்பான்."

"அதுக்குத்தான் நீ இருக்கியேண்ணே," என்றாள் அம்மா, செம்பை இன்னொரு தண்ணீருக்காக நீட்டியபடி.